டோக்கன் ஏழு

என் கையில் ஒரு குச்சி, முழ நீளம்.
பைக்குள் விட்டுக் கிளறுவேன்.
துப்பாக்கி தேடத்தான் கொடுத்தார்கள்.
ஆறு வருஷத்தில் ஒரு துப்பாக்கிகூடச் சிக்கவில்லை.
சிக்கியதெல்லாம் சோறு.

காலம்பாவுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி,
ராட்டினங்களின் வாசலில் நிற்கிறேன்.
டெல்பின் என்று சட்டையில் தைத்திருக்கிறது.
யாரும் படிப்பதில்லை.
வெளி உணவுக்கு அனுமதியில்லை என்ற பலகையையும்தான்.

காலுறைக்குள் அவித்த முட்டை பார்த்திருக்கிறேன்.
பால்பவுடர் டின்னில் பொரித்த கோழி.
மழைக்கோட்டின் இரண்டு கைக்குள்ளும் வாழைப்பழம்.
ஏழு மாதம் என்றாள் ஒருத்தி;
நடக்க நடக்க வயிறு சலசலத்தது,
சிப்ஸ் பாக்கெட்.

குற்றம் சொல்ல மாட்டேன்.
உள்ளே ஒரு ஹாட்டாக் நூற்றெண்பது பெசோ,
தண்ணீர் எழுபத்தைந்து.
ஐந்து பேர் ஒருவேளை உட்கார்ந்து எழுந்தால்
என் இரண்டு நாள் கூலி.

ஞாயிற்றுக்கிழமை வந்தவளுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.
கொண்டுவந்ததும் ஒளிக்க முடியாத ஒன்று.
அடோபோ:
காடியும் பூண்டும் மிளகும் போட்டுச்
சுண்டவைத்த பன்றிக்கறி.
வெயிலில் கெடாது என்று செய்திருப்பாள்.
வாசனைக்கு வாய் உண்டு, அதை யோசிக்கவில்லை.
அவளுக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போதே
எனக்குத் தெரிந்துவிட்டது.

பழைய ஐஸ்கிரீம் டப்பா. மேலே இரண்டு ரப்பர் பேண்ட்.
மூடியில் நீல மையில் ஹெர்மினியா.
"கொடுத்துவிட்டுப் போங்கள், டோக்கன் தருகிறேன்.
இல்லாவிட்டால் வெளியே சாப்பிட்டுவிட்டு வாங்க."
அவள் டிக்கெட்டுகளைப் பார்த்தாள்.
பிள்ளைகளைப் பார்த்தாள்.
கவுண்டர் நிழலில் துண்டை விரித்தாள்.

காலை ஒன்பதரைக்கு மதியச் சாப்பாடு.
நாலு பிள்ளைகள், ஒரு கரண்டி.
"இது பன்னிரண்டு மணிக்கு.
இது மூணு மணிக்கு.
வாயைத் திற, இது பஸ்ஸில் பசித்தால்."
வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தவர்களைத் தெரியும்.
இவள் வயிற்றை
மூட்டையாகக் கட்டினாள்.
கடைக்குட்டி போச்சோக்
மூன்று மணியோடு நிறுத்திக்கொண்டான்.

மீதி அரை டப்பா என் மேசைக்கு வந்தது.
டோக்கன் ஏழு.

பதினோரு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது:
கடற்கொள்ளையர் கப்பல், மூன்றாவது வரிசை,
வாளி வேண்டும், மரத்தூள் வேண்டும்.
ஆள் யாரென்று நான் கேட்கவில்லை.
மூன்று மணிச் சாப்பாடு
நாலு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மேசையைக் காலி செய்ய வேண்டும்.
முட்டை, பன், கோழி, எல்லாம்
கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டினேன்.
ஏழை மட்டும் விட்டுவைத்தேன்.
எண்ணைத்தான் சொல்கிறேன்.

எட்டுக்கு வந்தார்கள்.
ஒருத்தி தோளில் தூங்க, ஒருத்தன் செருப்பைக் கையில் பிடித்திருக்க.
நாள் முழுக்க ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்,
கழிவறைக் குழாயில் நிரப்பி நிரப்பி
லேபிள் உரிந்துபோயிருந்தது.
டோக்கனைக் கசங்காமல் நீட்டினாள்.
மூடியைத் திறந்து முகர்ந்தாள்.
கெடவில்லை. காடி வாக்குத் தவறாது.

ஜீப்னி நிற்குமிடத்தில் உட்கார்ந்தார்கள்.
"இது எத்தனை மணியோடது?" என்றான் போச்சோக்.
"இது இப்பத்தது."
இந்த முறை கரண்டி இல்லை.
அவன் தானே பிசைந்து தின்றான், மெதுவாக,
யாரும் துரத்தாதவனைப் போல.

"சாப்பிட்டாச்சா?" என்று என்னைக் கேட்டாள்.
எங்கள் ஊரில் அது வணக்கம் மாதிரி.
ஆச்சு என்பதுதான் பதில், ஆகாவிட்டாலும்.
ஆச்சு என்றேன்.
மூடியைக் கவிழ்த்து, ஒரு பிடி சோறு, ஒரு துண்டுக் கறி,
கொழுப்புள்ள பக்கம்.
வருகிறவர்களிடம் வாங்கித் தின்னக் கூடாது;
விதியின் எண்கூட எனக்கு மனப்பாடம்.
குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தின்றேன்.

ஜீப்னி வந்தது. பிள்ளைகளை ஏற்றினாள்.
அவள் மட்டும் ஏறவில்லை,
ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.
என்னவென்று நான் தலையைத் தூக்க,
கையை நீட்டினாள்:
"மூடி."